சறுக்குக்குக் கீழே என்ன இருக்கிறது?
பிள்ளைகள் விளையாடும் தரைக்கு மணல், மரச்சில்லு: தேர்வும் பராமரிப்பும்



சில ஆண்டுகளுக்கு முன் நம் மலைப்பகுதியில் ஓரிடத்தில் பிள்ளைகளுக்காக ஒரு சறுக்கு அமைத்தோம். அதற்கு நன்கொடை வசூலித்தவர்களில் நானும் ஒருவன். சறுக்கை எங்கே நிறுத்துவது என்று பேச்சு வந்தபோது, காப்பிக்கொட்டை உலர்த்தும் பழைய சிமெண்டுக் களம் சும்மா கிடக்கிறது, அதிலேயே நிறுத்தலாம் என்று முடிவானது. சேறு இல்லை, செலவு இல்லை. எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. மூன்றாவது வாரம் ஆறு வயதுப் பெண் பிள்ளை ஒன்று ஏணியின் மேல்படியிலிருந்து களத்தில் விழுந்தது. முன்கை எலும்பு முறிந்தது. சேலத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தப் பிள்ளை அழுத அழுகையை, வண்டியில் கூடப் போன நான் இன்னும் மறக்கவில்லை.

சறுக்கு நல்ல சறுக்குதான். கைப்பிடி ஆடவில்லை, படி உடையவில்லை. பிழை தரையில் இருந்தது. அதைப் பற்றி நாங்கள் ஒருவரும் யோசிக்கவே இல்லை. மக்தப் முற்றத்திலோ, வீட்டுக் கொல்லையிலோ, எஸ்டேட் லைன் வீடுகளுக்கு நடுவிலோ பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கும் போட நினைப்பவர்களுக்காக, பிறகு நான் கேட்டும் படித்தும் அறிந்ததை இந்தப் பாடமாகத் தருகிறேன்.

1. தரை ஏன் முக்கியம்?

விளையாட்டு இடங்களில் பிள்ளைகளுக்கு ஏற்படும் காயங்களில் பெரும்பான்மை விழுவதால் வருபவை. விழாமல் இருக்கச் சொல்லிக்கொடுக்கலாம், பக்கத்தில் நிற்கலாம். ஆனாலும் ஏறத் தெரிந்த பிள்ளை ஒருநாள் விழத்தான் செய்யும். விழுந்த பிள்ளை சட்டையைத் தட்டிக்கொண்டு எழுவதும், நாம் தூக்கிக்கொண்டு ஓடுவதும் பெரும்பாலும் தரையைப் பொறுத்தது.

4 அடி உயரத்திலிருந்து விழும் பிள்ளை தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதே கேள்வி. தரையும் உடலும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டர் மட்டுமே இடம் கொடுத்தால், உடலில் விழும் விசை பிள்ளையின் எடையைப்போல் 120 மடங்குக்கும் மேல். மணல் விலகிக்கொடுத்து 10 சென்டிமீட்டரில் நிறுத்தினால் அது 12, 13 மடங்காகக் குறைகிறது. மணலும் மரச்சில்லும் செய்வது இந்த வேலையைத்தான். துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து, விழுகிற வேகத்தை மெல்ல வாங்கிக்கொள்கின்றன. துகள் நகர முடியாமல் இறுகிவிட்டால், அது பெயருக்குத்தான் மணல். பலனுக்கு அது சிமெண்டுதான்.

புல்தரையும் செம்மண் தரையும் போதும் என்று நினைக்கிறோம். போதாது. பிள்ளைகள் ஓடி ஓடிப் புல் தேய்ந்துவிடும். நம் மலைச் செம்மண் மழையில் வழுக்கும், வெயிலில் கல்லாகக் காயும். சிமெண்டு மேல் பழைய ஜமுக்காளத்தையோ மெல்லிய ரப்பர் பாயையோ விரிப்பதும் பயன் தராது.

2. எந்த உயரத்துக்கு எவ்வளவு கனம்?

அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டிடங்களுக்கு ஒரு கையேடு வைத்திருக்கிறது. 1981இல் முதலில் வெளிவந்து, பிறகு பலமுறை திருத்தப்பட்டது. உலகின் பல இடங்களில் இதை எடுத்துப் பார்க்கிறார்கள். அதிலுள்ள கணக்கு:

• மணல்: 9 அங்குலக் கனம், 4 அடி விழு உயரம் வரை.
• உருண்டையான சிறு கூழாங்கல்: 9 அங்குலம், 5 அடி வரை.
• மரப்பட்டை, மரத்தூள் அல்லாத மரத் துகள் கலவை: 9 அங்குலம், 7 அடி வரை.
• மரச்சில்லு: 9 அங்குலம், 10 அடி வரை.
• துண்டாக்கிய ரப்பர்: 6 அங்குலம், 10 அடி வரை.

இங்கே சொல்லும் அங்குலம் இறுகிய பிறகு இருக்க வேண்டிய கனம். கொட்டிய பொருள் காலடி பட்டும் மழை பட்டும் குறைந்தது நாலில் ஒரு பங்கு அமுங்கிவிடும். ஆகவே 9 அங்குலம் வேண்டுமென்றால் முதலில் 12 அங்குலம், அதாவது முழு ஒரு அடி கொட்ட வேண்டும். உயரம் குறைவுதானே என்று 9 அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. ரப்பருக்கு மட்டும் 6 அங்குலம்.

‘விழு உயரம்’ என்பதைச் சரியாக அளக்க வேண்டும். சறுக்குக்கு, மேலே பிள்ளை உட்காரும் மேடையிலிருந்து தரைவரை. ஊஞ்சலுக்கு, பலகையிலிருந்து அல்ல, சங்கிலி மாட்டியிருக்கும் மேல்கம்பியிலிருந்து தரைவரை. வேகமாக ஆடும் பிள்ளை அந்த உயரத்தை எட்டிவிடும். ஏறி விளையாடும் கம்பிக் கூண்டுக்கு, அதன் உச்சியிலிருந்து தரைவரை.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது. மேல்கம்பி ஆறரை அடியில் இருக்கும் சாதாரண ஊஞ்சலுக்கு 9 அங்குல மணல் போதாது. அதற்கு மரச்சில்லு வேண்டும். நாலடி மேடையுள்ள சின்னச் சறுக்குக்கு மணல் போதும்.

3. பொருளைத் தேர்ந்தெடுப்பது

*மணல்.* கழுவிய, உருண்டைத் துகள் உள்ள மணலாக இருக்க வேண்டும். ஐரோப்பிய அளவுகோல் 0.2 முதல் 2 மில்லிமீட்டர் வரையுள்ள துகளை, வண்டலும் களிமண்ணும் இல்லாமல் கேட்கிறது. கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்டு இதற்கு ஆகாது. அது உடைத்த பாறை. துகளுக்கு முனை உண்டு, கூடவே மாவுபோன்ற தூசியும் உண்டு. முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், தூசி இடைவெளியை அடைக்கும். கான்கிரீட்டுக்கு அது நல்ல குணம், விளையாட்டுத் தரைக்குக் கெட்ட குணம்.

வாங்கும் முன் இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பிட்டு நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலின்மேல் சேறுபோல் தனி அடுக்கு தெளிவாகத் தெரிந்தால் கழுவாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டாவது, ஈர மணலைக் கையில் பிடித்து உருண்டையாக்கிக் காயவிடுங்கள். காய்ந்த பிறகும் உருண்டை உடையாமல் இருந்தால் அதில் களிமண் இருக்கிறது.

*மரச்சில்லு.* ஏற்காட்டுக்கு ஏற்ற பொருள் என்று நான் கருதுவது இதுதான். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைக் கவாத்து செய்யும்போது கிளைகள் கிடைக்கின்றன. சில்லு வெட்டும் இயந்திரம் இருந்தால் ஒரு விரல்நுனி முதல் ஒரு அங்குலம் வரையுள்ள சில்லுகளாக வெட்டலாம். இலை, முள், ஆணி எதுவும் இருக்கக் கூடாது. வர்ணம் பூசிய மரம், கரையானுக்கு மருந்து ஏற்றிய மரம், பழைய கதவு, ஜன்னல், பிளைவுட் இவற்றைச் சில்லாக்கவே கூடாது. சில மரமருந்துகளில் ஆர்சனிக் இருந்திருக்கிறது. மரச்சில்லின் குறை, அது மக்கும் என்பது. நம் ஊர் மழையில் ஆண்டுதோறும் மேலே சேர்க்க வேண்டியிருக்கும்.

*கூழாங்கல்.* சின்னப் பிள்ளைகள் வாயிலும் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் வரும் இடத்தில் வேண்டாம். கட்டடச் சிப்ஸ் ஜல்லி கூழாங்கல் அல்ல. அதன் முனை கிழிக்கும்.

*ரப்பர் துண்டு.* அதிகம் அமுங்காது, மக்காது. ஆனால் பழைய டயரிலிருந்து வருவதால் எஃகுக் கம்பி முழுவதும் நீக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வெயிலில் சுடும், தீப்பிடித்தால் அணைப்பது சிரமம். சரிவில் மழைநீரோடு ஓடைக்குப் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது.

காப்பித்தோல், உமி, தேங்காய் நார்த்தூள், மரத்தூள் ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் என்பதால் சிலர் கேட்கிறார்கள். மேலே சொன்ன அட்டவணையில் இவை இல்லை. காற்றில் பறந்து கண்ணில் விழும், ஈரத்தில் கட்டிபிடித்துப் பூஞ்சை பூக்கும். இவற்றை நம்பிப் பிள்ளைகளை உயரத்தில் ஏற்ற வேண்டாம்.

4. எவ்வளவு இடம், எத்தனை யூனிட்?

சறுக்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடி வரை மெத்தைத் தரை இருக்க வேண்டும். ஏணியும் சரிவும் சேர்ந்து 10 அடி நீளம், 2 அடி அகலம் உள்ள ஒரு சறுக்கை எடுத்துக்கொள்வோம். 22 அடிக்கு 14 அடி இடம் வேண்டும். அது 308 சதுர அடி. ஒரு அடி கனத்துக்குக் கொட்டினால் 308 கன அடி. லாரிக் கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி என்பதால், 3 யூனிட்டுக்குச் சற்று மேல்.

ஊஞ்சலுக்கு இடம் இன்னும் அதிகம். மேல்கம்பியின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு முன்னாலும், இரண்டு மடங்கு பின்னாலும் விட வேண்டும். ஆறரை அடி ஊஞ்சலுக்கு முன்னே 13, பின்னே 13, ஆக 26 அடி. சட்டம் 8 அடி அகலம் என்றால், பக்கத்துக்கு 6 அடி சேர்த்து 20 அடி. மொத்தம் 520 சதுர அடி, 5 யூனிட்டுக்கு மேல் சில்லு.

நம் மலையில் சமதளம் அருமை. சரிவை வெட்டிக் கிடைத்த சின்ன முற்றத்தில் ஊஞ்சல், சறுக்கு, கம்பிக் கூண்டு மூன்றையும் திணிக்கப் பார்க்கிறோம். முதலில் முற்றத்தை அளந்து, அதற்கு எது கொள்ளுமோ அதை மட்டும் வாங்குங்கள். நல்ல தரையில் நிற்கும் ஒரே ஒரு சின்னச் சறுக்கு, சிமெண்டில் நிற்கும் மூன்று சாமான்களைவிட மேல். தடுப்புச் சுவர், கல்தூண், மரவேர், பள்ளத்தின் விளிம்பு எதுவும் அந்த 6 அடிக்குள் வரக் கூடாது.

5. சரிவில் பள்ளம் அமைப்பது

சமவெளிக்காரர்களுக்கு இல்லாத இரண்டு கவலைகள் நமக்கு உண்டு. ஒன்று தண்ணீர், மற்றொன்று பாரம்.

ஏற்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் பெய்கின்றன. செம்மண்ணில் பள்ளம் வெட்டி மணல் கொட்டினால் அது குளமாகிவிடும். நீர் தேங்கிய மணல் இறுகும், கொசு வளர்க்கும். எனவே இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. மேட்டுப்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, மேலேயிருந்து வரும் நீரைப் பள்ளத்துக்குள் இறங்காமல் பக்கவாட்டில் திருப்புங்கள்.
2. பள்ளத்தை ஒன்றரை அடி ஆழம் வெட்டி, அடித்தளத்துக்குத் தாழ்வான பக்கம் நோக்கி லேசான வாட்டம் கொடுங்கள். அங்கே வலை கட்டிய பி.வி.சி. குழாய் வைத்து நீரை வெளியேற்றுங்கள்.
3. அடியில் 3 முதல் 6 அங்குலம் முக்கால் ஜல்லி பரப்புங்கள்.
4. ஜல்லியின்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரியுங்கள். நீர் இறங்கும், ஆனால் ஜல்லியும் மணலும் கலக்காது. பிளாஸ்டிக் தார்ப்பாய் விரித்தால் நீர் நின்றுவிடும்.
5. அதன்மேல் 12 அங்குலம் மணலோ சில்லோ கொட்டுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். மணல் சில்லின் இடைவெளியை நிரப்பி இறுக்கிவிடும்.
6. சுற்றிலும் கரை கட்டுங்கள். விளிம்பு உருண்டையாக இருக்கட்டும். கூர்மையான கருங்கல் வேண்டாம்.

கம்பங்களின் கான்கிரீட் அடித்தலை இந்தப் பரப்புக்கு வெகு கீழே புதைந்திருக்க வேண்டும்.

பாரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு யூனிட் மணல் சுமார் நாலரை டன். மேலே கணக்கிட்ட சறுக்குக்கான மணல் மட்டும் 14 டன் அளவுக்கு வரும். நனைந்தால் இன்னும் கூடும். பழைய கல்கட்டுச் சுவர் தாங்கி நிற்கும் முற்றத்தில் இதைக் கொட்டும் முன் அனுபவமுள்ள பொறியாளரைக் காட்டிக் கேளுங்கள். மரச்சில்லு இதைவிட மிக இலேசானது. நான் அதைப் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.

6. பராமரிப்பு: யார், எப்போது?

மணல் கொட்டிய அன்றே வேலை முடிந்துவிடுவதில்லை. ஊஞ்சலுக்கு நேர் கீழேயும், சறுக்கு முடியும் இடத்திலும் பிள்ளைகளின் கால் பொருளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரே வாரத்தில் ஒரு அடி கனம் நாலு அங்குலமாகிவிடும். அதிகம் விழுகிற இடமும் அதுதான்.

இதற்கு எளிய வழி, ஒவ்வொரு கம்பத்திலும் 12 அங்குல மட்டத்தில் ஒரு வர்ணக் கோடு போடுவது. கோடு வெளியே தெரிந்தால் பொருள் குறைந்திருக்கிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

*தினமும்:* விளையாட்டு தொடங்கும் முன் ஒரு பார்வை. கண்ணாடித் துண்டு, ஆணி, நாய் பூனைக் கழிவு இருக்கிறதா? ஒதுங்கிய பொருளை வாரியால் இழுத்துக் குழியை நிரப்புங்கள்.

*வாரம் ஒருமுறை:* 9 அங்குலத்தில் குறி போட்ட கம்பியை ஐந்தாறு இடங்களில் குத்தி அளவு பாருங்கள். மணலை முள்வாரியால் அடிவரை கிளறி இளக்குங்கள்.

*ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும்:* குழாய் அடைத்திருக்கிறதா, செம்மண் வந்து படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்த செம்மண்ணை வழித்து அகற்றுங்கள், கிளறி உள்ளே விடாதீர்கள். மழைக்காலத்தில் சில்லுக்குள் தேள், பூரான் ஒதுங்கும். கையால் அல்ல, வாரியால் புரட்டுங்கள்.

*ஆண்டுக்கு ஒருமுறை:* மக்கி மண்ணான சில்லை எடுத்துத் தோட்டத்துக்குப் போட்டுவிட்டு, புதிய சில்லு சேருங்கள்.

நாய், பூனைக் கழிவிலிருந்து புழுக்களின் முட்டைகள் மணலில் கலந்து பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகலாம். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்கால் தோல் வழியாகவே நுழையும். இரவில் வலையோ நீர் தேங்காத மூடியோ போட்டு மூடுங்கள். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைக் கட்டாயமாக்குங்கள். முற்றம் பள்ளிவாசலை ஒட்டியிருந்தால் கால் உதறும் இடமும் ஒரு குழாயும் தனியாக வையுங்கள். ஒளுச் செய்யும் இடத்து ஈர டைல்ஸில் மணல் விழுந்தால் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள்.

பெண் பிள்ளைகளின் துப்பட்டாவும், சட்டைக் கழுத்திலுள்ள கயிறும் சறுக்கின் மேல்முனையில் மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். தொங்கும் துணியை உள்ளே செருகி விடுங்கள், அல்லது தலையோடு தைத்த முக்காட்டை அணிவியுங்கள்.

7. சிங்கப்பூரிலிருந்து ஒரு பாடம்

சிங்கப்பூரின் தோ பாயோவில் 1979இல் வீடமைப்புக் கழகம் கட்டிய டிராகன் விளையாட்டிடம் இன்றும் மணல் தரையோடு நிற்கிறது. அங்குள்ள நம் உறவினர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அந்நாளில் அங்கே விளையாட்டிடம் என்றாலே மணல்தான். பின்னர் பெரும்பாலான இடங்களில் ரப்பர் தரை வந்தது. மணல் கெட்ட பொருள் என்பதால் அல்ல. மணலை ஓயாமல் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். வார்த்து ஒட்டிய ரப்பர் தரைக்கு அந்த வேலை குறைவு, சக்கர நாற்காலியும் அதில் ஓடும். ஆனால் அதற்குப் பணம் மிக அதிகம். நம்மைப் போன்ற சிறு ஜமாஅத்துகள் பணத்துக்குப் பதிலாக உழைப்பைத் தர வேண்டும். அந்த உழைப்பைத் தர ஆள் இல்லையென்றால் மணல் கொட்டாதீர்கள், உயரமான சாமானும் வாங்காதீர்கள். பந்து விளையாடச் சமதளம் இருந்தால் போதும்.

8. இருந்தும் ஒரு பிள்ளை விழுந்துவிட்டால்

கழுத்திலோ முதுகிலோ வலி என்றால் தூக்காதீர்கள், உட்காரவைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். கை கால் வளைந்தோ வீங்கியோ இருந்தால் இழுத்து நீவ வேண்டாம். அட்டை வைத்து அசையாமல் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை நினைவு தப்பினாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, காது மூக்கில் ரத்தமோ நீரோ வந்தாலோ தாமதிக்கக் கூடாது. பெரிய சிகிச்சைக்கு நாம் சேலம் இறங்க வேண்டும். வழியில் போகும் நேரத்தையும் கணக்கில் வைத்து முன்னதாகவே கிளம்புங்கள்.

9. நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

ஜமாஅத்துக் கூட்டத்தில் சாமான் வாங்கத் தீர்மானம் போடும் முன் இவற்றுக்கு விடை எழுதுங்கள்:

• நம் சாமானின் விழு உயரம் எத்தனை அடி?
• அதற்கு எந்தப் பொருள், எத்தனை யூனிட்? அந்தச் செலவு திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா?
• மழைநீர் எந்த வழியாக வெளியே போகும்?
• வாரி பிடித்து இழுக்கும் பொறுப்பு யாருக்கு? அவர் ஊருக்குப் போனால் யார்?
• அடுத்த ஆண்டு சில்லு வாங்கப் பணம் ஒதுக்கியிருக்கிறோமா?

கடைசிக் கேள்விதான் நம்மிடம் எப்போதும் விடுபடுகிறது. சறுக்கு வாங்கித் தர மனமுவந்து முன்வருபவர்கள் இருக்கிறார்கள். அதில் பெயர்ப்பலகை வைக்கலாம். மணலுக்கும் சில்லுக்கும் பெயர்ப்பலகை வைக்க முடியாது. ஆனால் விழுகிற பிள்ளையைத் தாங்குவது அதுதான். சதகா செய்ய நினைப்பவர்கள் அடுத்த முறை ஒரு யூனிட் சில்லுக்கோ, ஒரு நல்ல முள்வாரிக்கோ கொடுக்கலாம்.

அன்று கை முறிந்த பிள்ளைக்கு எலும்பு கூடிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அந்தச் சறுக்கைக் களத்திலிருந்து பெயர்த்து, பக்கத்தில் பள்ளம் வெட்டிச் சில்லு கொட்டி நிறுத்தினோம். கம்பத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை காலையில் வாரி எடுப்பது என் முறை. பிள்ளைகள் நமக்கு அமானிதம். அவர்கள் விளையாடும் தரையையும் அப்படியே பார்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.